இரண்டடி தூரத்தில் ஒரு சாப்பாடு: புலம்பெயர்ந்தோரின் உணவு வண்டிகளில் வாடிக்கையாளர் பெறுவது என்ன?

1974-ஆம் ஆண்டு ராவுல் மார்ட்டினெஸ் என்ற மெக்சிகோக்காரர் ஒரு பழைய ஐஸ்கிரீம் வண்டியை வாங்கி, உள்ளே அடுப்பைப் பொருத்தி, கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு மது அருந்தகத்துக்கு வெளியே நிறுத்தி, மெல்லிய ரொட்டியில் கறியை மடித்துத் தரும் டாக்கோவை விற்கத் தொடங்கினார். சில மாதங்களிலேயே கையில் சேர்ந்த பணத்தைக் கொண்டு ‘கிங் டாக்கோ’ என்ற பெயரில் கடை திறந்தார். இன்று அது தென் கலிஃபோர்னியாவில் பல கிளைகள் உள்ள நிறுவனம். கடைகள் பெருகியும் வண்டிகள் ஓயவில்லை. லாஸ் ஏஞ்சலிஸில் மாலை மங்கியதும் பெரிய சாலைகளின் ஓரத்தில், பெட்ரோல் நிலையங்களின் மூலையில், டயர் கடைகளின் முன்னால் டாக்கோ வண்டிகளின் விளக்குகள் எரியத் தொடங்கிவிடுகின்றன.

மேசை, நாற்காலி, தட்டைக் கொண்டுவந்து வைக்கும் ஆள், மழைக்கு ஒதுங்கக் கூரை எதுவும் இந்த வண்டிகளில் கிடையாது. உணவகத் தொழிலைக் கற்பிப்பவர்கள் வாடிக்கையாளரின் மனநிறைவுக்கு அடிப்படை என்று எவற்றையெல்லாம் அடுக்குகிறார்களோ, அவற்றில் பாதிக்கு மேல் இங்கே இல்லை. இருந்தும் ஐம்பது ஆண்டுகளாகக் கூட்டம் வருகிறது. ருசிதான் காரணம் என்று சொல்லிவிடலாம், அது பொய்யுமல்ல. ஆனால் அதே டாக்கோவைப் பொட்டலம் கட்டி வீட்டுக்கு எடுத்துப்போய் அரை மணி கழித்துப் பிரித்தால் அது வேறு உணவாகிவிடுகிறது. சமையல்காரரும் பொருள்களும் மாறாதபோது இடையில் மாறியது எது?

சமைப்பவருக்கும் சாப்பிடுபவருக்கும் நடுவிலுள்ள தூரம் மாறியிருக்கிறது என்பதே என் பதில். புலம்பெயர்ந்தோர் நடத்தும் உணவு வண்டிகளில் வாடிக்கையாளரின் அனுபவத்தை வேறெதையும் விட அதிகமாகத் தீர்மானிப்பது அந்தத் தூரம்தான். இடத்தின் தூரம், மொழியின் தூரம், ஊருக்கும் ஊருக்குமான தூரம் எல்லாம் அதில் அடக்கம். அவற்றை வண்டிக்காரர் மட்டும் முடிவு செய்வதில்லை. நகராட்சியும் நீதிமன்றமும் அந்த ஜன்னலுக்குள் தலையிடுகின்றன.

ஊர்க்காரரும் வெளியாரும்

லாஸ் ஏஞ்சலிஸில் இவற்றுக்கு ‘லொன்ச்செரா’ என்று பெயர். பல பத்தாண்டுகள் இவை கட்டட வேலைத்தளங்களையும் ஆலை வாசல்களையும் பட்டறைகளையும் சுற்றியே ஓடின. வந்து சாப்பிட்டவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள். வெளியார் இதை ‘இன உணவு’ என்று வகைப்படுத்தினாலும், அவர்களுக்கு இது வழக்கமான மதியச் சாப்பாடு. வண்டியின் பக்கவாட்டில் ஹாலிஸ்கோ, சினலோவா, புவெப்லா, ஒஹாக்கா என்று ஏதாவது ஒரு மாநிலத்தின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். அந்தப் பக்கத்து ஆட்களுக்கு அதுவே அழைப்பு. கடல் உணவு என்றால் சினலோவாக்காரருக்கு ஒரு பிடிவாதம் உண்டு, ஹாலிஸ்கோக்காரருக்கு இன்னொன்று. பாய்ல் ஹைட்ஸ் பகுதியில் ஒலிம்பிக் சாலையில் நிற்கும் ‘மரிஸ்கோஸ் ஹாலிஸ்கோ’ வண்டியின் புகழ் ஒரே பண்டத்தில் கட்டப்பட்டது. இறால் கலவையை டோர்ட்டியா என்ற மக்காச்சோள ரொட்டிக்குள் மடித்து, எண்ணெயில் மொறுமொறுப்பாகப் பொரித்து, மேலே அவகாடோத் துண்டுகளையும் சால்சா என்ற தக்காளித் துவையலையும் வைத்துத் தருகிறார்கள். அதை நிறுவிய ராவுல் ஒர்ட்டேகா ஹாலிஸ்கோ மாநிலத்திலிருந்து வந்தவர். சொந்த ஊரின் பெயரை வண்டியில் எழுதியதன் மூலம், அந்த ஊர்க்காரர்கள் எல்லாரையும் தன் சமையலுக்கு நீதிபதிகளாக்கிக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஊர்க்காரர் கண்டிப்பான வாடிக்கையாளர். அம்மா அரைத்த சால்சாவின் காரம் அவர் நாக்கில் இருக்கிறது. வண்டியில் கிடைப்பது அதிலிருந்து சிறிது விலகினாலும் கண்டுபிடித்துவிடுவார். அதே நேரம், வெளியார் யாருக்கும் கிடைக்காத ஒன்று அவருக்குக் கிடைக்கிறது: அவர் எதையும் விளக்க வேண்டியதில்லை. நாள் முழுவதும் அரைகுறை ஆங்கிலத்தில் தன்னை விளக்கிக்கொண்டே வேலை செய்தவர், இந்த ஜன்னலுக்கு முன்னால் நின்று, தனக்குப் பழகிய உச்சரிப்பில், நாக்குக்கறி இரண்டு, தலைக்கறி ஒன்று, வெங்காயம் கொத்தமல்லியோடு என்று சொன்னால் போதும். புலம்பெயர்ந்தோருக்கு உணவு வண்டி தரும் ஆறுதலில் பெரும்பங்கு இதுதான் என்று நினைக்கிறேன். வாடிக்கையாளர் திருப்தியை அளக்கும் வினாத்தாள்களில் இதற்கென்று ஒரு கட்டம் இருப்பதில்லை.

வெளியாரின் நிலை நேர்மாறானது. பலகையில் லெங்குவா, கபேசா, திரிப்பாஸ், புச்சே என்று எழுதியிருக்கிறது. முதலாவது மாட்டு நாக்கு, இரண்டாவது தலைக்கறி, மூன்றாவது குடல், நான்காவது பன்றியின் இரைப்பை. தெரியாதவர் இதில் எதைத் தொடுவார்? பணத்தை முன்பே கொடுக்க வேண்டுமா, சாப்பிட்ட பிறகா? ஓரத்தில் வைத்திருக்கும் முள்ளங்கி, எலுமிச்சை, சுட்ட வெங்காயம், ஊறவைத்த மிளகாயும் கேரட்டும் தனிக்காசா? வரிசையில் பின்னால் நிற்பவர்கள் எல்லாரும் அறிந்த ஒழுங்கு தனக்கு மட்டும் தெரியவில்லை என்ற கூச்சம் முதன்முறை வருபவரை வாட்டுகிறது. அந்தச் சில நொடிகளில் ஜன்னலில் இருப்பவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பது, கறி எவ்வளவு வெந்திருக்கிறது என்பதைவிட முக்கியமாகிவிடுகிறது. ‘எல்லாம் போடவா?’ என்று சிரித்த முகத்தோடு கேட்டு, தலையாட்டலைப் புரிந்துகொண்டு, சிவப்புச் சால்சா காரம், பச்சை சுமார் என்று கையால் காட்டிவிடுகிறவர் ஒரு வாடிக்கையாளரைச் சம்பாதித்துவிட்டார். சிடுசிடுத்தால் அந்த ஆள் திரும்ப வரமாட்டார், எத்தனை நல்ல டாக்கோவாக இருந்தாலும்.

ஒரே ஜன்னலில், ஒரே நேரத்தில், இந்த இரண்டு வகை மனிதர்களையும் கையாள வேண்டியிருக்கிறது. ஒருவருக்கு விளக்கம் தேவையில்லை, இன்னொருவருக்கு விளக்கமில்லாமல் முடியாது. இதற்கென்று பயிற்சி எதுவும் பெறாமலே ஆயிரக்கணக்கானோர் இரவுதோறும் இதைச் செய்கிறார்கள். சமையல் திறமைக்குக் கிடைக்கும் பாராட்டில் பாதியாவது இந்தத் திறமைக்கும் கிடைத்திருக்க வேண்டும்.

2008: ஒரே ஆண்டில் இரண்டு முகங்கள்

2008 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியின் (மாவட்டத்தின்) மேற்பார்வையாளர் குழு ஒரு விதியை இறுக்கியது. கவுண்டியின் நேரடி நிர்வாகத்தில் உள்ள பகுதிகளில், அதாவது கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸ் போன்ற இடங்களில், ஓர் உணவு வண்டி ஒரே இடத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றால் அது குற்றம். 1,000 டாலர் வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. சுற்றியிருந்த உணவகக்காரர்கள் கொடுத்த புகார்களே பின்னணி. ‘சுட்ட இறைச்சி குற்றமல்ல’ என்ற முழக்கத்தோடு வாடிக்கையாளர்கள் கையெழுத்துத் திரட்டினார்கள், சட்டைகளில் அச்சிட்டு அணிந்தார்கள். ஆகஸ்டில் நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாததாக்கியது.

அதே ஆண்டு நவம்பரில் ‘கோகி’ என்ற வண்டி கிளம்பியது. சியோலில் பிறந்து லாஸ் ஏஞ்சலிஸில் வளர்ந்த ராய் சோய் அதன் சமையல்காரர். கொரிய முறையில் ஊறவைத்துச் சுட்ட மாட்டு விலா இறைச்சியை மெக்சிகோ டோர்ட்டியாவில் வைத்துத் தந்தார்கள். காலமும் ஒத்துழைத்தது. நிதி நெருக்கடியால் பலருக்கு உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிடக் காசில்லை. கட்டட வேலைகள் நின்றுபோனதால் வேலைத்தளங்களுக்கு ஓடிக்கொண்டிருந்த வண்டிகள் சும்மா கிடந்தன. புதிதாகப் பரவிக்கொண்டிருந்த ட்விட்டரில் ‘இன்று இரவு இந்த இடத்தில், இந்த நேரத்தில்’ என்று அறிவித்தார்கள். நூற்றுக்கணக்கானோர் காரை எடுத்துக்கொண்டு வந்து வரிசையில் நின்றார்கள். 2010-இல் ‘ஃபுட் அண்ட் வைன்’ இதழ் சிறந்த புதிய சமையல்காரர்களில் ஒருவராக ராய் சோயைத் தேர்ந்தெடுத்தது.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பல ஆண்டுகளாக ஒரே மூலையில் நின்று தொழிலாளருக்குச் சோறு போட்ட வண்டி, வசந்த காலத்தில் குற்றவாளி. இடம் மாறி மாறி ஓடிய வண்டி, குளிர்காலத்தில் நகரத்தின் பெருமை. கோகியின் வெற்றியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்களுடைய உழைப்பும் கற்பனையும் பெரியவை. ஆனால் வாடிக்கையாளர் யார் என்பதைப் பொறுத்து நகரம் வண்டியைப் பார்க்கும் கண் மாறியது என்பது மறைக்க முடியாத உண்மை. அனுபவத்தின் தன்மையும் மாறியது. பழைய வண்டி இருக்குமிடம் தெரியும், எப்போதும் இருக்கும், அதனால் நம்பலாம். புதிய வண்டியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், அந்தத் தேடலே பாதி விருந்து.

கண்ணுக்கு முன்னால்

இனி இடத்தின் தூரத்துக்கு வருவோம். ‘அல் பஸ்தோர்’ என்ற பன்றி இறைச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். காய்ந்த மிளகாயும் அச்சியோட்டே விதையும் சேர்த்து அரைத்த சிவப்பு விழுதில் ஊறிய துண்டுகளை, செங்குத்தான கம்பியில் அடுக்கடுக்காகக் குத்தி, சுழலவிட்டு, பக்கத்தில் நெருப்பை எரியவிடுகிறார்கள். உச்சியில் ஓர் அன்னாசி. வெளிப்புறம் கருகத் தொடங்கும்போது டாக்கேரோ எனப்படும் டாக்கோக்காரர் நீளமான கத்தியால் மெல்லிய சீவல்களாக நேராக டோர்ட்டியாவுக்குள் விழும்படி வெட்டுகிறார். கத்தி முனையால் அன்னாசியை ஒரு தட்டு. பறந்து வரும் துண்டை அதே டாக்கோவில் பிடிக்கிறார். லாஸ் ஏஞ்சலிஸில் பல வண்டிகள் இந்தக் கம்பியை வண்டிக்கு வெளியே, நடைபாதையோரம் கூடாரம் போட்டு வைக்கின்றன. நம் பரோட்டாக் கடைகளில் கல்லை வாசலிலேயே போட்டு மாஸ்டரை நிறுத்துகிறார்களே, அதே கணக்குத்தான். போகிறவர் நின்றுவிட வேண்டும்.

ஆனால் காட்சி மட்டும் இதில் பயனல்ல. மக்காச்சோள டோர்ட்டியாவின் ஆயுள் குறைவு. கல்லில் சூடேறி, கொழுப்பு லேசாகப் பூசி, கைக்கு வந்ததும் சாப்பிட்டால் மணமும் மென்மையும் இருக்கும். மூடி வைத்தால் தன் ஆவியிலேயே நனைந்து, கறியின் சாற்றை உறிஞ்சி, கிழிந்துபோகும். அதனால்தான் சிறிய டோர்ட்டியாக்களை இரண்டிரண்டாக வைக்கிறார்கள். கம்பியிலிருந்து சீவிய கறியின் மொறுமொறுப்பான விளிம்பும் சில நிமிடங்களுக்குமேல் தாங்காது. கல்லுக்கும் வாய்க்கும் இடையே ஒரு நிமிடமே இருக்க வேண்டிய உணவு இது. மேசைக்குக் கொண்டுவரும் உணவகத்தால் அந்த வேகத்தைத் தர முடியாது, வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் செயலிகளாலும் முடியாது. வண்டியின் வசதிக்குறைவு என்று நாம் நினைப்பது, நடைபாதையில் நின்றபடி, சட்டையில் சொட்டாமல் உடலை முன்னால் வளைத்துச் சாப்பிடுவது, இந்த உணவுக்கு மிகப் பொருத்தமான முறையாக அமைந்துவிட்டது.

நம்பிக்கையும் இங்கிருந்தே பிறக்கிறது. சாலையோர உணவு என்றாலே சுத்தம் பற்றிய சந்தேகம் எழும். புலம்பெயர்ந்தோர் வண்டி என்றால் அந்தச் சந்தேகத்தில் கொஞ்சம் இன வெறுப்பும் கலந்திருக்கும்; அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல. லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி 1998 முதல் உணவகங்களுக்கு ஏ, பி, சி எனச் சுகாதாரத் தரக் குறியீடு கொடுத்து வாசலில் ஒட்டச் செய்தது. 2010-இல் அதை உணவு வண்டிகளுக்கும் நீட்டிக்க முடிவெடுத்தது. ‘ஏ’ அட்டை ஜன்னலில் தொங்குவது முதன்முறை வருபவரின் தயக்கத்தைத் தணிக்கிறது. ஆனால் அடிக்கடி வருபவர் அட்டையைப் பார்ப்பதில்லை. காசை வாங்கும் கையும் கறியைத் தொடும் கையும் வேறு வேறா, வெட்டுப்பலகை துடைக்கப்படுகிறதா, சால்சாக் கிண்ணம் பனிக்கட்டி மேல் இருக்கிறதா என்று தன் கண்ணால் பார்க்கிறார். சமையலறைக் கதவுக்குப் பின்னால் நடப்பதை அறியாத உணவக வாடிக்கையாளருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

காத்திருப்பு

வரிசை பற்றித் தனியே சொல்ல வேண்டும். எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாத காத்திருப்பு நீளமாகத் தோன்றும், சும்மா நிற்பது அதைவிட நீளமாகத் தோன்றும், பின்னால் வந்தவர் முன்னால் வாங்கிப் போனால் பொறுமை போய்விடும். காத்திருப்பை ஆராய்ந்தவர்கள் சொல்வது இவ்வளவுதான், நம் அனுபவமும் அதேதான். உணவு வண்டி இதில் முதல் இரண்டையும் பெரும்பாலும் இயல்பாகவே தீர்த்துவிடுகிறது. கண்ணுக்கு வேலை இருக்கிறது, மூக்குக்கும் இருக்கிறது. முன்னால் எத்தனை பேர், எத்தனை தட்டு போகிறது என்று எண்ணிக்கொள்ளலாம். மூன்றாவதில்தான் வண்டிகள் சறுக்குகின்றன. வழக்கமாக வருபவர் பக்கவாட்டில் நின்று தம் மொழியில் இரண்டு வார்த்தை பேசிப் பொட்டலத்தை வாங்கிப் போகும்போது, வரிசையில் நிற்கும் வெளியார் அதைப் பாரபட்சமாகவே எடுத்துக்கொள்கிறார். வாங்கிப் போனவர் முன்பே தொலைபேசியில் சொல்லிவைத்திருக்கலாம். ஆனால் அது யாருக்குத் தெரியும்? எண் கொடுத்துக் கூப்பிடும் வழக்கம் வந்த பிறகு இந்த மனக்கசப்பு குறைந்திருக்கிறது.

வரிசை விளம்பரமும் ஆகிறது. நியூயார்க்கில் 53-ஆம் தெருவும் 6-ஆம் அவென்யூவும் சந்திக்கும் மூலையில் 1990-இல் எகிப்திலிருந்து வந்த சிலர் ஹாட் டாக் தள்ளுவண்டி வைத்தார்கள். நகரத்தின் டாக்சி ஓட்டுநர்களில் முஸ்லிம்கள் ஏராளம். இரவு வேலையில் ஹலால் சாப்பாடு தேடி அலைந்தார்கள். அதைக் கண்டுகொண்டவர்கள் கோழியும் சுட்ட இறைச்சியும் சோற்றின் மேல் வைத்து, வெள்ளைச் சாஸ் ஊற்றி விற்கத் தொடங்கினார்கள். மூலையில் மஞ்சள் டாக்சிகள் அடுக்கி நிற்பதைப் பார்த்தே மற்றவர்கள் வந்தார்கள். நள்ளிரவிலும் நீண்ட வரிசை நிற்கும் ‘ஹலால் கைஸ்’ அப்படி உருவானதுதான். பிறகு அது பல நாடுகளில் கிளை பரப்பியது. விற்பவரின் சமூகத்தார் திரண்டிருப்பதை வெளியார் தரத்துக்கான சான்றாக எடுத்துக்கொண்டதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பட்டியல் குறுகியதாக இருப்பதும் வரிசைக்கு நல்லது. அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் 2009-இல் நோங் பூன்சுக்வத்தனா என்ற தாய்லாந்துப் பெண் திறந்த வண்டியில் விற்றது ஒரே பண்டம்: கோழிச்சாற்றில் வெந்த சோறு, அதன்மேல் கோழி, தொட்டுக்கொள்ள ஒரு சாஸ். தெரிவு செய்யும் தவிப்பு வாடிக்கையாளருக்கு இல்லை. வெளியார் ‘எது நல்லா இருக்கும்?’ என்று விழிக்க வேண்டிய அவசியமே எழவில்லை.

எது அசல்?

வெளியார் இந்த வண்டிகளில் எதிர்பார்ப்பது ‘அசல்’ ருசி. அதற்கான அடையாளங்களும் அவர்களிடம் இருக்கின்றன: ஆங்கிலம் குறைவான பலகை, கையால் எழுதிய விலை, வரிசையில் நிற்கும் ஊர்க்காரர்கள், கொஞ்சம் பெயர்ந்த வண்ணப்பூச்சு. ஆனால் மெக்சிகோவின் அடையாளமாகக் கொண்டாடப்படும் அல் பஸ்தோரின் வரலாறு என்ன? லெபனானிலிருந்து மெக்சிகோவுக்குக் குடியேறியவர்கள் கொண்டுவந்த செங்குத்துக் கம்பிச் சமையல் அது. ஆட்டிறைச்சி பன்றியானது, ரொட்டி டோர்ட்டியாவானது, மசாலா மிளகாய்க்கு மாறியது. ஒரு குடியேறியோர் கூட்டம் இன்னொரு நாட்டில் செய்த மாற்றம் மூன்றாவது நாட்டில் அசலாக நிற்கிறது. கோகியின் கொரிய டாக்கோவும் அதே வழியில் பிறந்ததுதான். லாஸ் ஏஞ்சலிஸில் கொரியரும் மெக்சிகரும் அக்கம்பக்கத்தில் வாழ்கிறார்கள், ஒரே சமையலறைகளில் வேலை செய்கிறார்கள். அந்த வாழ்க்கையிலிருந்து வந்த உணவு போலியாக இருக்க முடியாது. சமைப்பவர் வாழ்ந்த வாழ்க்கைக்கு உண்மையாக இருக்கிறாரா என்பதையே வாடிக்கையாளர் உணர்கிறார், பண்டத்தின் பூர்வீகத்தை யாரும் சோதிப்பதில்லை.

என்னை உறுத்துவது விலை. அசல் என்றால் மலிவாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இத்தாலியப் பாஸ்தாவுக்கோ ஜப்பானியச் சுஷிக்கோ கேட்ட விலையைக் கொடுப்பவர், டாக்கோ விலை அரை டாலர் ஏறினால் முகம் சுளிக்கிறார். எந்த நாட்டின் உணவுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்ற மனக்கணக்கு, அந்த நாட்டிலிருந்து வந்தவர்களைச் சமூகம் எங்கே வைத்திருக்கிறது என்பதோடு சேர்ந்தே நடக்கிறது என்று உணவுச் சமூகவியலாளர்கள் காட்டியிருக்கிறார்கள். நான்கு வகைச் சால்சா அரைப்பதும் நாக்கைப் பல மணி நேரம் வேகவைப்பதும் குறைந்த உழைப்பு அல்ல. அதற்கு மேல் எரிவாயு, உரிமக் கட்டணம், இரவில் வண்டியைக் கழுவி நிறுத்த அனுமதி பெற்ற பொதுக்கொட்டகைக்கு வாடகை. மலிவு என்ற எதிர்பார்ப்போடு வருபவரின் மகிழ்ச்சிக்கு விலையை யாரோ செலுத்திக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலும் அது ஜன்னலுக்குள் நிற்கும் குடும்பம்.

வாஷிங்டன் சதுக்கத்தில் தோசை

நியூயார்க் பல்கலைக்கழகத்தை ஒட்டிய வாஷிங்டன் சதுக்கப் பூங்காவின் தெற்கு ஓரத்தில், 2000-களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த திருக்குமார் தோசைத் தள்ளுவண்டி வைத்தார். ‘என்.ஒய். தோசாஸ்’ என்று பெயர். 2007-இல் நியூயார்க் தெருவோர வியாபாரிகளுக்கான ‘வெண்டி’ விருது அவருக்குக் கிடைத்தது. நமக்கு இதில் கவனிக்கத்தக்கது, வந்தவர்கள் யார் என்பது. தமிழர்கள் வந்தார்கள்தான். ஆனால் வரிசையின் பெரும்பகுதி மாணவர்கள், பேராசிரியர்கள், பக்கத்து அலுவலகத்தார், பால் பொருள்களும் தவிர்க்கும் முழுத் தாவர உணவுக்காரர்கள். வண்டியில் இருந்த அனைத்தும் தாவர உணவு என்பதால் எதையும் விசாரிக்காமல் வாங்கலாம். ஹலால் தேடிய ஓட்டுநருக்கு 53-ஆம் தெருவில் கிடைத்த நிம்மதி இவர்களுக்கு இங்கே கிடைத்தது. எல்லா ஊர்களிலிருந்தும் பயணிகள் தேடி வந்தார்கள், ஆளின் படத்தோடு பயண வழிகாட்டிகளில் செய்தி வந்தது.

அந்த வண்டியில் கல் வாடிக்கையாளரின் கண் மட்டத்துக்குக் கீழே இருந்தது. மாவு விழுவது, வட்டமாகப் பரவுவது, விளிம்பு சிவப்பது எல்லாவற்றையும் அருகில் நின்று பார்க்கலாம், மீசையும் சிரிப்புமாக நிற்பவரிடம் பேசலாம். உயரமான ஜன்னலுள்ள ட்ரக்கில் வாடிக்கையாளர் அண்ணாந்து பார்க்க வேண்டும், சமைப்பவரின் முகம் பாதிதான் தெரியும். தள்ளுவண்டியில் இருவரும் ஒரே தரையில் நிற்கிறார்கள். பெரிய வண்டிக்கு மாறும் பலர் தங்கள் பழைய வாடிக்கையாளரின் நெருக்கத்தை இழப்பதற்கு இந்த ஒன்றரை அடி உயரமும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

நகரம் வைக்கும் தூரம்

நியூயார்க் 1983-இல் உணவு வண்டிகளுக்கான உரிமங்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு விதித்தது. ஏறத்தாழ 3,000. காத்திருப்போர் பட்டியல் பல ஆண்டுகள் நீண்டது. விளைவு, நகராட்சிக்குச் சில நூறு டாலர் மட்டுமே கட்டணமுள்ள உரிமம் கள்ளச்சந்தையில் இரண்டாண்டு வாடகைக்கு 20,000 டாலருக்கும் மேல் போனது. அந்தப் பணத்தை மீட்க வண்டிக்காரர் கூடுதல் நேரம் நிற்கிறார், பட்டியலைச் சுருக்குகிறார், கறியைக் குறைக்கிறார். சோற்றுத்தட்டில் கோழி குறைந்துவிட்டதே என்று வாடிக்கையாளர் சலித்துக்கொள்ளும்போது அதில் ஒரு பங்கு அந்த உச்சவரம்பின் வேலை. 2021-இல் இயற்றப்பட்ட சட்டம் ஆண்டுதோறும் 445 புதிய உரிமங்களை வழங்க வழி செய்தது.

கனடாவின் டொராண்டோ இன்னொரு பாடம். அங்கே சாலையோரத்தில் ஹாட் டாக் தவிர வேறெதுவும் கிடைப்பதில்லை என்ற குறை நெடுநாளாக இருந்தது. நகரத்தின் பல்லின அடையாளத்தைத் தெருவில் காட்ட வேண்டும் என்று 2009-இல் ‘அ லா கார்ட்’ என்ற திட்டத்தை மாநகராட்சி தொடங்கியது. பல நாட்டு உணவுகளை விற்க எட்டு வியாபாரிகளைத் தேர்ந்தெடுத்தது. நோக்கம் நல்லது. ஆனால் வண்டி எப்படி இருக்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும், எதை விற்க வேண்டும் என்று அனைத்தையும் மாநகராட்சியே முடிவு செய்தது. வண்டி ஒன்றின் விலை ஏறத்தாழ 30,000 டாலர். தள்ள முடியாத கனம். ஆள் நடமாட்டமில்லாத இடங்கள் ஒதுக்கப்பட்டவர்களும் உண்டு. கடனில் மூழ்கியவர்கள் விலகினார்கள், 2011-இல் திட்டம் கைவிடப்பட்டது. சமைப்பவர் தன் வாடிக்கையாளரைத் தானே தேடிப் போகும் சுதந்திரம் இல்லாதபோது, உணவு எத்தனை அசலாக இருந்தாலும் அந்த வண்டி அரசாங்கக் கண்காட்சியாகவே நின்றுவிடும்.

சிறு விதிகளும் வாடிக்கையாளரின் மாலையை வடிவமைக்கின்றன. கலிஃபோர்னியாவில் ஒரு வண்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றால், அதில் வேலை செய்பவர்களுக்காக 200 அடிக்குள் கழிப்பறை இருக்க வேண்டும். பல வண்டிகள் பெட்ரோல் நிலையம், கார் கழுவும் இடம், மதுக்கடை ஆகியவற்றின் அருகே நிற்பதற்கு இது ஒரு காரணம். போர்ட்லண்டில் வண்டிகள் தனியார் வாகன நிறுத்துமிடங்களில் கூட்டமாக நிற்க முடிந்ததால், பொது மேசைகளும் கூரையும் வந்தன, பத்து நாட்டுச் சாப்பாட்டை ஒரு குடும்பம் ஒரே மேசையில் பகிர்ந்துகொள்ள முடிந்தது. நிலம் பிறருடையது என்பதன் ஆபத்தும் அங்கே வெளிப்பட்டது. நோங் தொடங்கிய ஆல்டர் தெரு வளாகம் 2019-இல் ஓர் உயர்ந்த கட்டடத்துக்காகக் காலி செய்யப்பட்டது.

கலிஃபோர்னியா 2018-இல் நடைபாதை வியாபாரத்தைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தது. அதன் பின்னணியில் ஓர் அச்சம் இருந்தது: சாலையோரம் விற்றதற்காகப் பதியப்படும் சிறு வழக்குகூட, ஆவணமில்லாத ஒருவரை நாடு கடத்தும் ஆபத்துக்கு இழுத்துவிடும். 2025 ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸில் குடியேற்றத்துறையின் சோதனைகள் தொடங்கியபோது அந்த அச்சம் முழு உருவில் வந்தது. வண்டிகள் பலவும் தள்ளுவண்டிகள் இன்னும் பலவும் வெளியே வரவில்லை. முறையான ஆவணம் உள்ளவர்கள்கூட வாடிக்கையாளர் வராததால் நட்டப்பட்டார்கள், ஏனெனில் சாப்பிட வருபவர்களில் பலருக்கும் அதே பயம். தன்னார்வக் குழுக்கள் நிதி திரட்டித் தெரு வியாபாரிகளின் வாடகைக்கும் வீட்டுச் செலவுக்கும் கொடுத்தன. சில இடங்களில் ஒரு நாள் சரக்கு முழுவதற்கும் பணத்தைக் கொடுத்து அவர்களை வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். தாங்கள் சாப்பிடாத டாக்கோவுக்குப் பணம் கொடுத்த அவர்களில் பலர், அதே ஜன்னல்களில் பல ஆண்டுகள் நின்று சாப்பிட்ட வாடிக்கையாளர்கள்.